மணசரிவு அபாயம்

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழகிய ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலாவது பந்தியில் கண் கலங்கியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு எங்காவது போய்க் கலங்கட்டும். நான்கு வருடங்களுக்கு முன்பும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கான காரணம்தான் இடையில் மாறிவிட்டது.

நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குக் காலையில் ஒரு ரயில் வருகிறது. அட்டவணையில் அதற்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கும் ரயிலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கம்பளையில் ஏறும் நான் எத்தனையோ நாள் மேடையில் முக்கால் மணி நேரம் காய்ந்திருக்கிறேன். வீட்டிலிருந்து ஓடிவந்து கடைசிப் பெட்டியின் முதுகை மட்டும் பார்த்த நாட்களும் உண்டு. அதனால்தான் வட்ஸ்அப்பில் 'ரயில் எங்கே?' என்று ஒரு குழுவைத் தொடங்கினேன். ரயில் புறப்பட்டதும் நாவலப்பிட்டிக்காரர் ஒருவர் எழுத வேண்டும். உலப்பனையைத் தாண்டியதும் அங்கே ஏறுபவர் எழுத வேண்டும். இப்படியே பேராதனை வரை. குழுவுக்கு ஒரே ஒரு விதி: ரயிலைத் தவிர வேறு பேச்சு கூடாது. இரண்டு மாதத்துக்குள் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

அவர் சேர்ந்த அன்று எழுதிய முதல் செய்தி இது: "ரயில் வந்துருச்சு. போற எண்ணம் மட்டும் இன்னும் வரல."

சிரிக்கும் முகங்கள் வந்து குவிந்தன. நான் விதியை நினைவூட்டினேன். "ரயிலப் பத்தித்தானே தங்கச்சி எழுதுனேன்" என்று பதில் வந்தது. அதை மறுக்க முடியவில்லை. அவருடைய அயோக்கியத்தனமே அதுதான். விதிக்கு உள்ளே ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் ஆடுவார்.

அதன் பிறகு ஒரு ஸ்டேஷனும் தப்பவில்லை. "கம்பளைக்காரங்க கவனத்துக்கு. ரயில் ஒரு மணி நேரம் லேட்டு. கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுங்க." மழைக்கு வழியில் ரயில் நின்றால், "கெலிஓயாவுல நிக்கிறோம். டீச்சருக்கு இன்னும் கிலி ஓயல." கெலிஓயாவில் ஏறும் முஸ்லிம் பாடசாலை டீச்சர் ஒருவர் இருந்தார். பாடசாலைக்குப் பிந்திவிடுவோம் என்று பயந்துகொண்டே இருக்கும் மனுஷி. அவரே இதற்குச் சிரிப்பார். நான் கோபப்பட்டு நாலு வரி எழுதினால் உடனே வரும்: "கண்டி அட்மின் கண்டிக்கிறாங்க. எல்லாரும் கண்டிப்பாக் கேட்டுக்குங்க."

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இப்படிப் பேசிப் பேசி உங்களுக்கு நா வலிக்காதா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாவலப்பிட்டிக்காரனுக்கு நா வலிக்குமா தங்கச்சி?"

அந்த ஒரு பதிலுக்கு அறுபது சிரிப்புகள் விழுந்தன. அறுபதையும் நான் எண்ணினேன். அப்படிப்பட்டவள் நான்.

மாலையில் இன்னும் மோசம். வேலை முடிந்து திரும்பும்போது ஏதாவது ஒரு சொல்லைக் குழுவுக்குள் தூக்கிப் போடுவார். 'தேயிலை' என்று போட்டால் ஒருவர் "தேய் இலை, மருமகள் தேய்க்கிற வாழையிலை" என்பார், இன்னொருவர் "எங்க வீட்டுல தேயும் இல்ல, இலையும் இல்ல" என்பார். படிப்பும் பதவியும் உள்ள ஆட்கள் பேராதனைப் பாலம் வரும் வரை சொற்களைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். எண்பது, தொண்ணூறு என்று செய்திகள் சேரும். மறுநாள் ரயில் ஓடாது என்று யாரோ எழுதியதைக் காணாமல் உலப்பனைப் பெண் ஒருத்தி விடியக்காலையில் வந்து மேடையில் தனியாக நின்றாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. எப்படியோ பஸ் பிடித்துப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரை நீக்கப் போகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"நீக்கினா என்ன செய்ற? அவரு ஈக்கிறதால தானே ரயில் எங்க ஈக்கின்னு எங்களுக்குத் தெரியுது" என்றார் டீச்சர்.

அதுவும் உண்மை. நாவலப்பிட்டியில் ஏறுபவர்கள் பத்துப் பேர் குழுவில் இருந்தார்கள். ஒரு நாள்கூடத் தவறாமல், சொன்னால் சொன்னபடி, ரயில் அசைந்த அந்த நிமிடத்தில் எழுதியவர் அவர் ஒருவர்தான். அவருடைய பகிடியைச் சகிக்காதவர்களுக்கு ரயில் கிடையாது என்ற நிலைமை. நான் தொடங்கிய குழுவில் நான் அவரை நம்பி வாழ வேண்டியிருந்தது.

ஆளைப் பெட்டியில் பார்த்தால் இவர்தானா என்று தோன்றும். ஐம்பது கடந்த குள்ளமான மனிதர். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் கலந்து கொடுப்பது வேலை. நகக்கண்களில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம் இருக்கும். நேற்று ஊரில் யார் வீட்டுக்கு என்ன நிறம் அடித்தார்கள் என்று அவருடைய விரலைப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். தான் சொன்ன பகிடிக்குத் தான் சிரிக்க மாட்டார். சொல்லிவிட்டு, அதை வேறு யாரோ சொன்னது போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். பெட்டி முழுக்கச் சிரித்து ஓய்ந்த பிறகு மெதுவாகத் திரும்பி, யார் சிரிக்கவில்லை என்று பார்ப்பார். அந்தப் பார்வை எப்போதும் என்னிடம் வந்துதான் நிற்கும்.

ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. தனக்குப் பக்கத்து இருக்கையில் குடையை வைத்துக்கொண்டு வந்து, கம்பளையில் நான் ஏறியதும் எடுப்பார். "அட்மின் சீட்டு" என்பார். நான் உட்கார மாட்டேன். கண்டி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அடுத்த நாளும் குடை அங்கேதான் இருக்கும்.

ஒரே ஒரு தடவை நான் சிரித்திருக்கிறேன். தோட்ட மக்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் அளவு காணி கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு மாலை பெட்டியில் யாரோ பேச்செடுத்தார்கள். அவர் அப்போதும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருந்தார்.

"நமக்கு எங்கங்க பேர்ச்சு? பெயர்ச்சி மட்டுந்தான்" என்றார். "தாத்தா இந்தியாவுலேருந்து பெயர்ந்தாரு. அப்பா டிவிசன் விட்டு டிவிசன் பெயர்ந்தாரு. நான் காலையில பெயர்ந்து பொழுதுபட வாறேன். சனி பகவான்கூட ரெண்டரை வருசம் ஒரே வீட்டுல இருக்காரு."

பெட்டி குலுங்கியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அன்று முழுவதும் அலுவலகத்தில் ஒரு காணிச் சுற்றறிக்கையோடு மல்லுக்கட்டியிருந்தேன். 'பேர்ச்' என்ற சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமாக எனக்கு எதுவும் வரவில்லை. அதனால் அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

என் வேலையைச் சொல்லவில்லையே. நான் மொழிபெயர்ப்பாளர். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் வேலை. அப்போது ஒப்பந்த அடிப்படையில் இருந்தேன். வருடா வருடம் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அலுவலகப் பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். என் கை பட்ட ஒரு பலகையிலாவது ஒரு பிழையும் வராது என்பதில் எனக்குத் திமிர் இருந்தது. வேறு திமிர் கொள்ள அப்போது என்னிடம் எதுவும் இல்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரம். நாவலப்பிட்டிப் பாதையில், ரயிலிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு மண் மேட்டுக்குக் கீழே எங்கள் அலுவலகம் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டது. நான் கம்பளையில் ஏறுகிறவள். அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். ஒரு காலையில், ஓடும் ரயிலிலிருந்து எடுத்த படம் குழுவில் வந்தது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. 'மண்சரிவு அபாயம்' என்று இருக்க வேண்டியதில் 'ண்' மேல் புள்ளி இல்லை. 'மணசரிவு அபாயம்' என்று இருந்தது.

படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "கலியாணம் கட்டினவங்க கியர மாத்தி மெதுவா எறங்கவும். கட்டாதவங்க இப்பவே வண்டியத் திருப்பவும்."

குழு விழுந்து விழுந்து சிரித்தது. "எங்க வீட்டு வாசலுக்கும் ஒரு போர்ட் வேணும்" என்றார் ஒருவர். "எனக்குப் பதினஞ்சு வருசத்துக்கு முந்தியே சரிஞ்சிருச்சு" என்றார் இன்னொருவர். நான் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை வாசித்தேன். அதே மாதம்தான் எனக்குப் பேசி முடித்திருந்த கலியாணத்தை வேண்டாம் என்று வத்தேகமவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். குழுவில் யாருக்கும் அது தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாமல் அடித்த அடியும் வலிக்கத்தான் செய்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குடை பக்கத்து இருக்கையில் இருந்தது.

படம் குழுவோடு நிற்கவில்லை. பேஸ்புக்கில் ஏறியது, இரண்டே நாளில் எங்கள் அலுவலகப் பெரியவரின் மேசைக்கு வந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பலகையை யார் சரிபார்த்தது என்று கேட்டார். "நான் சரியாகத்தான் கொடுத்தேன் சேர், போர்ட் எழுதியவர்தான் விட்டிருக்க வேண்டும்" என்றேன். அடுத்த வியாழக்கிழமை நேரில் போய்ப் பார்ப்போம், பிழை நம்முடையது என்றால் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். ஒப்பந்தம் முடிய ஐந்து கிழமை இருந்தது.

என் மேசைக்கு வந்ததும் கோப்பைத் திறந்து பார்த்தேன். போர்ட் கடையிலிருந்து வந்த மாதிரித் தாள் உள்ளே இருந்தது. அதிலும் புள்ளி இல்லை. கீழே 'சரி' என்று எழுதி என் கையெழுத்து. வத்தேகம அழைப்பு வந்த அன்று மத்தியானம் நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள் அது. போர்ட் எழுதிய மனிதர் பாவம், நான் சரி என்று கொடுத்ததைக் கோடு தவறாமல் எழுதியிருந்தார்.

டீச்சரிடம் மட்டும் அழுதேன். பலகை நான் மொழிபெயர்த்தது, வேலை போகப் போகிறது, வியாழக்கிழமை வந்து பார்ப்பார்கள் என்று சொன்னேன். டீச்சர் அதை நேராகக் கொண்டுபோய் அவரிடம் சொல்லிவிட்டார். அன்று மாலை அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"ஒரு புள்ளி வெச்சாப் போச்சு, புள்ள."

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். என் வேலை போகப் போகிறது, இந்த ஆள் புள்ளியையும் புள்ளையையும் வைத்து விளையாடுகிறான் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நிமிடமே அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

மறுநாள் ரயில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மழையில் நனைந்துகொண்டு கம்பளை மேடையில் ஐம்பது பேர் என்னை முறைத்தார்கள். மாலைக்குள் 'ரயில் இங்கே' என்று புதுக் குழு ஒன்று உருவாகிவிட்டது. அவர் அதில் இருந்தார். டீச்சர் என்னையும் அதில் சேர்த்துவிட்டார். வெட்கத்தை விட்டு இருந்தேன். வேலைக்குப் போக வேண்டுமே.

வியாழக்கிழமை பெரியவரும் நானும் அலுவலக வாகனத்தில் போனோம். கொட்டும் மழை. பலகைக்கு முன்னால் வாகனம் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், தன் தொலைபேசியில் இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"மிஸ், படத்தில் இல்லாத ஒரு புள்ளி இங்கே இருக்கிறதே" என்று சிங்களத்தில் சொன்னார்.

நான் குடையோடு இறங்கிக் கிட்டப் போனேன். 'ண்' மேல் புள்ளி இருந்தது. மற்றப் புள்ளிகளைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு எனாமல் பெயின்ட். அடியில் ஒரு துளி வழிந்து காய்ந்திருந்தது. தூரிகை மயிர் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. பலகை என் தலைக்கு மேல் உயரம். குள்ளமான ஒருவர் மழையில் அந்த வழுக்கும் மேட்டில் ஏறித்தான் அதை வைத்திருக்க முடியும். 'ஒரு புள்ளி வெச்சாப் போச்சு' என்பது பகிடி இல்லை, செய்யப் போவதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர் நேராகப் பேசிப் பழகாதவர். எனக்கு நேராக வாசிக்கவும் தெரியவில்லை.

வாகனத்தில் ஏறியதும் பெரியவர் கேட்டார்: "அப்படியானால் அந்தப் படம் பொய்யா? யாரோ புள்ளியை அழித்துவிட்டுப் போட்டிருக்கிறார்களா?"

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது.

"அப்படித்தான் இருக்க வேண்டும், சேர்" என்றேன்.

படம் மாற்றியமைக்கப்பட்டது, பொதுமக்கள் ஏமாற வேண்டாம் என்று அலுவலகம் ஓர் அறிவித்தல் வெளியிட்டது. அதைத் தமிழில் எழுதியதும் நான்தான். பிழை இல்லாமல் எழுதினேன். புதுக் குழுவில் அது வந்த அன்று ஒரு சிரிப்பும் விழவில்லை. "மழ காலத்துல இப்பிடியா வெளயாடுற? புள்ள குட்டியோட மனுசர் போற ரோடு ஈக்கி" என்று டீச்சர் எழுதினார். அந்த மனிதரோடு சேர்ந்து சொல்லைப் பிய்த்தவர்கள் எல்லாம், இந்த ஆளை முதலிலேயே அடக்கியிருக்க வேண்டும் என்றார்கள். அதைத்தானே நான் ஆறு மாதமாகக் கத்தினேன். இப்போது கேட்க எனக்கு நன்றாக இல்லை.

அவர் பதில் சொல்வார் என்று பயந்துகொண்டே தொலைபேசியைப் பார்த்திருந்தேன். 'படம் எடுத்த பொறகு புள்ளிய நான்தான் வெச்சேன்' என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், என் கதை முடிந்துவிடும். நெடுநேரம் கழித்து எழுதினார்: "ரயில் உலப்பனை தாண்டிருச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் அப்படித்தான் இருந்தது. வந்தது, நின்றது, போனது.

படம் யார் எடுத்தது என்று விசாரித்து, விளக்கம் கொடுக்க அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். என் மேசையைத் தாண்டிப் போகும்போது என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியவருக்கு முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தாளில் மூன்று வரி எழுதினார். நகக்கண்ணில் அன்று வெள்ளை பெயின்ட். பெரியவர் தாளை வாங்கி, மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

'அந்தப் பலகையின் புள்ளிக்கு நானே பொறுப்பு. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்.'

இரண்டாவது தடவை வாசித்தேன். புள்ளியை அழித்தேன் என்று எழுதவில்லை. புள்ளி இல்லாமல் போனதற்குப் பொறுப்பு என்றும் எழுதவில்லை. புள்ளிக்குப் பொறுப்பு என்று எழுதியிருந்தார். ஒரு சொல்லும் பொய் இல்லை. விதிக்கு உள்ளே ஒரு கால். அந்த அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த ஒரு சிலேடையை அவர் எனக்காக மட்டும் எழுதியிருந்தார். எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிங்களத்தில் எழுதினேன். 'புள்ளிக்கு' என்றே எழுதினேன். பெரியவர் வாசித்துவிட்டு, "அழித்ததை ஒப்புக்கொள்கிறாரா?" என்று கேட்டார்.

"எழுதியிருப்பதை அப்படியே மாற்றியிருக்கிறேன், சேர்" என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எச்சரித்து அனுப்பினார். எனக்கு ஒப்பந்தம் நீண்டது. பிறகு நிரந்தரமும் ஆனது. அடுத்த மாதமே அவர் குழுவிலிருந்து விலகி பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் தேடிப் போகவில்லை. அந்த ஹார்ட்வெயார் கடை என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. இந்த நான்கு வருடமும் நான் மற்றப் பக்கத்துப் பாதையால்தான் போகிறேன். கேட்காமல் ஒருவர் என் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அவரை எனக்கு எப்படிப் பிடிக்கும்?

விளக்கம் எழுதிய அன்று எழுந்து போகும்போது அவர் என் மேசைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார்.

"நாளைக்கு ரயில் லேட்டாத்தான் வரும் தங்கச்சி. கொஞ்சம் தூங்கலாம்" என்றார்.

அதில் ஏதாவது பகிடி ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு அவருடைய தமிழையும் என் சிங்களத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த முறை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. கீழே 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.